நான்காவது முல்லிகன்

எங்கள் வீட்டுக் கொடியில் வருடத்தில் ஒரு மாதம் ஒற்றைக் கையுறை ஒன்று காயும். வெள்ளை நிறம், இடது கைக்கு மட்டும். கல்யாணமாகி, துறையூரிலிருந்து மலாய் நாட்டுச் செனாவாங்குக்கு வந்த புதிதில், அதன் ஜோடியைத் தேடி அரை மணி நேரம் சலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். வந்த மாதமே கணவரின் பொருளைத் தொலைத்துவிட்டேன் என்ற பயம். சுவர் தாண்டி விழுந்திருக்குமோ என்று பக்கத்து வீட்டு யாத்தி அக்காவிடம் கையுறையைக் காட்டி, இரண்டு விரலை உயர்த்தி, "சத்து லாகி?" என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்த இரண்டே மலாய்ச் சொற்களையும் செலவழித்து, இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அவர் உள்ளே போய், அடுப்பிலிருந்து சூடான தட்டை எடுக்கும் பூப்போட்ட கையுறை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். வேண்டாம் என்றால் மனம் நோகுமோ என்று வாங்கிக்கொண்டேன். வாங்கியது தப்போ என்று மாலைவரை யோசித்தேன். வேலை முடிந்து வந்த என் கணவர் குணா கொடியில் வெள்ளையும் பூப்போட்டதும் அருகருகே தொங்குவதைப் பார்த்துவிட்டு, கோல்ஃப் ஆடுபவர்கள் இடது கைக்கு மட்டும்தான் போடுவார்கள் என்று விளக்கி, சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் கோல்ஃப் ஆடுவார் என்று துறையூருக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாக, "மாப்பிள்ளை அவ்வளவு பெரிய ஆளாடி? நமக்குச் சொல்லவே இல்லையே?" என்றார். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கவைப்பது கடினம். குணா தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். எங்களிடம் இருப்பது ஒரு கார், ஒரு மோட்டார் சைக்கிள், மூன்று வயதாகப்போகும் நிலா என்ற ஒரு பெண். அவருடைய மட்டைகளில் எதுவும் எதற்கும் ஜோடியில்லை. எல்லாம் யாரோ வேண்டாம் என்று கழித்தவை.

பகாவ் போகும் வழியில் பாமாயில் தரும் செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டித் துரைமார் காலத்தில் போட்ட ஒன்பது குழி மைதானம். குணாவும் அவருடைய கூட்டாளிகளும் அந்தத் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் வளர்ந்தவர்கள். பள்ளி விட்டதும் அங்கே ஓடி, ஆட வந்தவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பார்களாம். புதரில் காணாமல் போன பந்தைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, மறுநாள் தொலைத்தவரிடமே விற்பார்களாம். இன்று லோரி ஓட்டுபவர், வாத்தியார், தொழிற்சாலைக்காரர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டாலும், வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை அதே மைதானத்தில் கூடி ஆடுகிறார்கள். அதில் சேரும் பணம் முடியாத நிலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் போகிறது.

இந்த ஆட்டத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, பை தூக்குவது. முதல் சுற்றில் ஒருவர் ஆட இன்னொருவர் அவருடைய பையைத் தூக்க வேண்டும், அடுத்த சுற்றில் மாறிக்கொள்ள வேண்டும். வண்டி கிடையாது, கூலிக்கு ஆள் கிடையாது. பணம் கட்டி ஆட வருகிற யாராக இருந்தாலும் பாதி நேரம் பை தூக்கியே ஆக வேண்டும். இரண்டாவது வழக்கம்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்தானது. பணம் யாருக்குப் போகிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்: அந்த வருடம் பொறுப்பேற்றவர், பண உறையைக் கொண்டுபோய்க் கொடுப்பவர். மற்றவர்கள் கேட்கக் கூடாது, பெற்றவரும் சொல்ல வேண்டியதில்லை. முன்பொரு முறை ஓர் அம்மாவை மேடையேற்றி, கதவளவு அட்டையில் எழுதிய காசோலையைப் பிடிக்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா இவர்களைக் கண்டால் பாசாரில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாராம். அன்றைக்கு, "இனிமே பேரு கேக்கற வேலையே வேணாம்டா" என்று சட்டம் போட்டவர் மணியம் அண்ணன்.

எனக்கு இது முதலில் நம்பும்படியாக இல்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுத்தாலும் குழாயைவிடப் பெரிதாகப் பெயர் எழுதுவார்கள். கொடுத்தவர் பெயரும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை என்றால் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததை எப்படி நம்புவது என்று குணாவிடம் கேட்டேன். "நம்பறதுதான்" என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

மணியம் அண்ணன்தான் அந்தக் கூட்டத்தில் மூத்தவர். கோலா பிலாவில் வீடு. சொந்தமாக ஒரு லோரி வைத்து, தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவார். குரல் பெரியது, வயிறு அதைவிட. எங்கள் கல்யாணத்துக்குத் துறையூர்வரை வந்து, சாம்பாரில் இனிப்பு இல்லை என்று சமையல்காரரிடம் சண்டை பிடித்தவர். இந்த வருடம் பொறுப்பு குணாவுடையது. ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, நிலாவைக் காப்பகத்தில் விட்டுத் திரும்பும்போது, தொழிற்சாலை வேன் நிற்கும் இடத்தில் மணியம் அண்ணனின் மனைவி செல்வி அக்காவைப் பார்த்தேன். நீல மேலங்கி, கழுத்தில் தொழிற்சாலை அட்டை, இரவு ஷிப்ட் முடிந்த கண்கள். என்னைக் கண்டதும் அட்டையைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார். சர்க்கரை அண்ணனின் கண்ணைப் பிடித்துவிட்டது. வைத்தியம் முடியும்வரை லோரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்தியத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு லோரி ஓட வேண்டும். "கூட்டாளிங்ககிட்ட லோரி வொர்க்‌ஷாப்புல கெடக்குன்னு சொல்லி வச்சிருக்காரு. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத மா."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அன்று மாலையே குணாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியது சரியா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் முழுதாகத் தெரியவில்லை. குணா நெடுநேரம் கையுறையை மடித்து மடித்து விரித்தார். பிறகு, "இந்த வருஷம் அவருக்குத்தான்" என்றார். "தெரிஞ்சா அண்ணன் வாங்கவே மாட்டாரு. கொடுக்கற நாள் வரைக்கும் வாயத் தொறக்காத, கவி." (இதை எழுதலாமா என்று மணியம் அண்ணனிடமே கேட்டுவிட்டேன். "எழுது, பேரெல்லாம் மாத்திப் போடு. நான் நல்லா ஆடுவேன்னு எழுது" என்றார். பெயர்களை மாற்றிவிட்டேன்.)

ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அண்ணன் இடம் கொடுத்தால்தானே! தனக்காகத்தான் பணம் திரட்டுகிறோம் என்று தெரியாமல், வேறு யாரையும்விட அவர்தான் அதிகமாகத் திரட்டினார். பகாவ் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, "யாருன்னு கேக்காத லா, எவனோ பாவம், கஷ்டப்படறான், எழுது!" என்று அதட்டி வாங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்து குணாவைப் பிடித்துத் திட்டினார். "இவ்ளோதானா? அந்தக் குடும்பம் பாவம்டா. உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?" குணா அடுப்பங்கரைக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை முல்லிகன் விற்பது. ஆடும்போது ஓர் அடி தவறிப்போனால், ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்கலாம். தவறிய அடி எண்ணிக்கையில் வராது. அந்தச் சீட்டுக்குப் பெயர் முல்லிகன். ஓர் ஆளுக்கு மூன்றுதான் என்பது விதி. இதை குணா விளக்கியபோது நான் உண்மையிலேயே பொறாமைப்பட்டேன். காஸை அணைத்தோமா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். எம்.எஸ்சி. தேர்வில் ஒரு விடையை நான்கு முறை அடித்து எழுதி, கடைசியில் முதலில் எழுதிய சரியான விடையையும் அடித்தவள். காசு கொடுத்து மறுபடி செய்யலாம் என்று ஓர் ஏற்பாடு இருப்பதை இந்தப் பணக்காரர்கள் இத்தனை காலம் தங்களுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

காலையிலேயே ஒரு தவறு நடந்துவிட்டது. நானும் நிலாவும் போய்ச் சேர்ந்தபோது, நாலைந்து ஆண்கள் ஒரு குழியைச் சுற்றித் தலை குனிந்து பேசாமல் நின்றார்கள். ஆண்கள் கூட்டமாக அப்படி நின்று நான் பார்த்தது சாவு வீட்டில்தான். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பதறி, "என்னாச்சு?" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒருவர் மட்டையால் தட்டிய பந்து குழியைச் சுற்றிக்கொண்டு எங்கோ போனது. மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெரியவர் உதட்டில் விரலை வைத்து, "செனியாப், டிக்" என்றார். சத்தம் வேண்டாம் என்பதை அவர் முகத்திலிருந்தே புரிந்துகொண்டேன். பந்தைத் தவறவிட்டவரோ சட்டென்று என் பக்கம் திரும்பி, "இதுக்கு ஒரு முல்லிகன் ஓசியா குடுக்கணும் தங்கச்சி!" என்றார். கொடுத்தேன். கொடுத்தது விதிப்படி சரியா என்று யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது.

என் மேசை ஒரு சிறிய குளத்துக்கு எதிரே மர நிழலில் இருந்தது. குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அடிக்க வேண்டும். பந்து தண்ணீரைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்தரையில் விழ வேண்டும். முதல் சுற்றில் மணியம் அண்ணனுக்குப் பை தூக்கியவர் பகாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் சீன முதலாளி, எல்லோருக்கும் 'தவுக்கே'. தோட்டத்து ஆட்களிடம் வியாபாரம் செய்தே தமிழ் கற்றவர். தன்னைவிட உயரமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணனுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தார்.

"அடி மணியம், வெயில் ஏறுது லா."

"நீ வாய மூடு. பை தூக்கறவன் பேசக் கூடாது. துரை எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

அண்ணன் அடித்தார். பந்து மேலே எழும்பி, குளத்தின் நட்ட நடுவில் 'பொளக்' என்று விழுந்தது. நானும் பார்த்தேன், நிலாகூடப் பார்த்துக் கைதட்டினாள். அண்ணன் மட்டும் கையை நெற்றியில் வைத்து எதிர்க்கரையைப் பார்த்தபடி, "எங்க போச்சு?" என்றார். தவுக்கே ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நல்லா போச்சு" என்றார். "அப்பறம் ஏன்டா தண்ணி சத்தம் கேட்டுச்சு?" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் என் மேசைக்கு வந்து ஒரு நோட்டை வைத்தார். "இன்னொரு சீட்டு குடு தங்கச்சி."

மூன்று சீட்டையும் அவர் முன்பே வாங்கித் தீர்த்திருந்தார். "மூணுதான் அண்ணே" என்றேன்.

"யாரு போட்ட சட்டம்? நான் போட்ட சட்டம். நானே எடுத்துட்டேன். குடு. அந்தக் குடும்பத்துக்குத்தானே போகுது?"

அந்த நோட்டு நான்காக மடிக்கப்பட்டு ஈரமாக இருந்தது. செல்வி அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரவெல்லாம் நின்று அவர் சம்பாதித்ததை இவர் இங்கே குளத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். நோட்டை அவர் பக்கமாகத் தள்ளினேன். "வேண்டாம் அண்ணே. வச்சுக்குங்க. உங்களுக்கே தேவைப்படும்."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்கு எதுக்குத் தேவைப்படும்?"

"டீசலுக்கு" என்றேன்.

"லோரிதான் வொர்க்‌ஷாப்புல கெடக்கே."

நான் மேசையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், அல்லது நான் இருந்த திசையைப் பார்த்தார். நோட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்தார். இதற்குள் அந்தக் கரைக்கு ஓடிப்போயிருந்த தவுக்கே, கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துப் புல்லில் போட்டு, காலால் குழிக்குப் பக்கமாக உருட்டிவிட்டதை இந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகவே பார்த்தேன். "மணியம்! இங்க இருக்கு! வெளிய வந்திருச்சு லா!"

"நீச்சலடிச்சு வந்துச்சா?" என்று கேட்டார் அண்ணன். குரலில் பழைய சத்தம் இல்லை. குனிந்து பந்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் உருட்டிக்கொண்டே நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இருக்கவில்லை. ஒருநாளும் பிரியாணியை விட்டுப் போகாதவர், தலைவலி என்று செல்வி அக்காவின் தம்பியுடைய காரில் ஏறிப் போய்விட்டார். நான் நடந்ததை குணாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் இருந்த கோழியை ஓரமாக ஒதுக்கி, "இனி வாங்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னார். போனில் கூப்பிட்டுப் பார்த்தார், அண்ணன் எடுக்கவில்லை. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா துறையூர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சங்கக் கூட்டம் என்றால் முதல் ஆளாக எழுந்து சண்டை போடுவார். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பணம் போட்டார்கள், பட்டியலைப் பணிமனைப் பலகையில் ஒட்டினார்கள். நல்ல மனிதர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்பா பிழைத்துவந்தார். ஆனால் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்ததில்லை. யாராவது எதையாவது சொன்னால், "நீங்க சொன்னா சரிங்க" என்பார். தன்னைவிடச் சின்னவர்களையெல்லாம் வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் அமைதியாகிவிட்டார் என்று அம்மா சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மணியம் அண்ணனே குணாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "குடுக்கறதா இருந்தா கவிப் புள்ளைய அனுப்பு. நீ வராத. உன் கூட்டாளிங்க எவனும் வரக் கூடாது." வைத்துவிட்டார். அனுப்பச் சொன்னது வாங்கிக்கொள்ளவா, முகத்துக்கு நேராக நான்கு வார்த்தை கேட்டுத் திருப்பி அனுப்பவா என்று நாங்கள் இருவரும் மாறி மாறி யோசித்தோம். கோலா பிலா போய்ச் சேர்வதற்குள் நான் மன்னிப்பை மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். குணா தெருமுனையில் ஒரு கோப்பிக்கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, நிலாவைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். பிள்ளையோடு போனால் அதிகம் திட்ட மாட்டார் என்பது அவருடைய திட்டம்.

வீட்டு வாசலில் லோரி நின்றது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து முதலில் வந்தது செல்வி அக்காவின் குரல். "சொல்லாதன்னு சொன்னேன்ல? உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?" பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "கோப்பியா, மைலோவா?" என்றது அதே குரல். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒத்திகை பார்த்த மூன்றில் முதலாவதைத் தொடங்கினேன்.

"மன்னிச்சிருங்க அண்ணே, நான் வேணும்னு..."

"அட விடு. எனக்கு உன்னாலதான் தெரிஞ்சிச்சுன்னு நெனக்கிறியா? பத்து வருஷமா என் பந்து மரத்துக்குள்ளதான் போவும். இந்த வருஷம் மட்டும் நடு மைதானத்துல நிக்குது. தண்ணிக்குள்ள விழுந்த பந்து காஞ்சுபோய் கெடக்குது. கண்ணுதான் லா தெரியல, கையுமா தெரியாது?" கையை நீட்டினார். "கொண்டா."

உறையைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை. கனம் பார்ப்பவரைப்போலக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தப் பயலுங்க கையால வாங்கினா, நாளைக்கு அவனுங்கள டேய்னு கூப்புட முடியாது. அவனுங்க தப்பா அடிச்சா கெட்ட வார்த்தையில திட்ட முடியாது. அப்பறம் எனக்கு எதுக்கு கண்ணு? நீ ஊர்லேருந்து வந்தவ. உன் கையால வாங்கினா அது வெளிய வாங்கினது. அவனுங்களுக்கும் எனக்கும் ஒன்னும் கெடையாது. புரியுதா?"

புரிந்தது. நான்கு வருடமாக இவர்கள் வீட்டு விசேஷங்களில் காய் நறுக்கியிருக்கிறேன், பாத்திரம் கழுவியிருக்கிறேன், சாம்பாரில் சர்க்கரை போடக்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் இவர்களில் ஒருத்தியாக எண்ணப்பட வேண்டும் என்றுதான். எண்ணப்பட்டிருந்தால் இந்த உறை இன்று திரும்பிப் போயிருக்கும். நான் வெளியாளாக இருந்ததால்தான் அது அவர் கையில் இருக்கிறது. துறையூரில் அப்பாவுக்கு அப்படி ஒரு வெளியாள் கிடைக்கவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், விடைபெறுவதற்கு எந்தச் சொல் சரியாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"என்னா, வெளியாளு மாதிரி வாசல்லயே நிக்கற?" என்று அதட்டினார் அண்ணன். குரல் பழைய சத்தத்துக்கு வந்திருந்தது. "கோப்பி ஆறுது. நேரா குசினிக்குப் போ, உங்க அக்கா தனியா வடை சுடறா. அந்த குணாப் பயல கோப்பிக்கடையில காய வச்சிருக்கியா? காயட்டும்."

நிலா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, சொந்த வீட்டுக்குள் ஓடுவதுபோல எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். வெறுங்கால் படியின் குளிர்ந்த கல்லின் மேல் இருந்தது. மறு காலில் செருப்பு வாரோடு அப்படியே இருக்க, ஒரு கையால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றிருந்தேன்.